கணையத்தின் பணியைக் கண்டவர்

பிரான்ஸ் நாட்டின் போஜொலே பகுதியில், திராட்சை பயிரிடும் எளிய குடும்பத்தில் 1813-ஆம் ஆண்டு பிறந்தவர் கிளாட் பெர்னார்ட். லியோன் நகர மருந்துக் கடையில் பணிபுரிந்துகொண்டே நாடகம் எழுதிய அவர், எழுத்தாளராகும் கனவுடன் 1834-இல் பாரிஸ் சென்றார். அவரது நாடகத்தைப் படித்த திறனாய்வாளர் ஒருவர், பிழைப்புக்கு மருத்துவம் பயிலுமாறு அறிவுறுத்தினார். இலக்கியம் இழந்தவரை அறிவியல் பெற்றது.

செரிமானம் பெரும்பாலும் இரைப்பையின் பணியே என்றும், கணையம் வயிற்றுக்குள் இருக்கும் ஓர் உமிழ்நீர்ச் சுரப்பி என்றும் கருதப்பட்ட காலம் அது. 1846-இல் ஆய்வுக்கூடத்துக்கு வந்த முயல்களின் சிறுநீர், வழக்கமான கலங்கலின்றித் தெளிந்திருப்பதை பெர்னார்ட் கண்டார். பட்டினியில் அவை தம் உடற்சத்தையே உண்டு ஊனுண்ணிகளாகிவிட்டனவோ என்று ஐயுற்று, முயல்களுக்கு இறைச்சி அளித்தார். பின்னர் அறுத்துப் பார்த்தபோது, கணைய நாளம் குடலில் திறக்கும் இடத்துக்குக் கீழே மட்டுமே நிணநாளங்கள் கொழுப்பால் பால்போல வெளுத்திருந்தன. பித்தநாளமோ அதற்கு வெகுமுன்பே குடலில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே, கொழுப்பைச் செரிக்கச் செய்வதில் கணையநீருக்கே முதன்மைப் பங்கு என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இந்த அறிவுக்கு விலையும் இருந்தது. உயிருள்ள விலங்குகளை அறுத்து அவர் செய்த சோதனைகளை மனைவியே வெறுத்தார். அவர் கொணர்ந்த சீதனம்தான் ஆய்வுக்குத் துணைநின்றது. எனினும் மணவாழ்வு பிரிவில் முடிந்தது. அவ்விலங்குகளின் வேதனையை மறைத்துவிட்டு இச்சாதனையைப் போற்றுவது நேர்மையாகாது.

1876-இல் ஜெர்மானியரான கியூனே, புரதத்தைச் சிதைக்கும் கணைய நொதிக்கு டிரிப்சின் எனப் பெயரிட்டார். 1896-இல் ஹான்ஸ் கியாரி, கணைய அழற்சியில் அந்த உறுப்பு தன் நொதிகளாலேயே தன்னைச் செரித்துக்கொள்கிறது என்றார். உணவைக் கரைக்கும் ஆற்றல் இடம் தவறினால் உயிரையே கரைக்கும் என்பது தெளிந்தது. மதுப்பழக்கம் இந்நோயின் முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பதை இன்று நாம் அறிவோம்.

நாள்பட்ட கணைய நோயால் நொதி குன்றியவர், உண்டும் உடல் மெலிகிறார். செரிக்காத கொழுப்பு மலத்தில் வெளியேறுகிறது. உணவோடு உட்கொள்ளும் நொதி மாத்திரைகள் அக்குறையை ஈடுசெய்கின்றன. அந்த மருத்துவத்தின் வேர், முயல்களின் தெளிந்த சிறுநீரைக் கண்டு ஏன் என்று கேட்ட மனத்தில் இருக்கிறது.

1878-இல் பெர்னார்ட் மறைந்தபோது பிரான்ஸ் அரசு மரியாதையுடன் அவருக்கு விடைகொடுத்தது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டே ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்கும் அரசுகள், அவரது வாழ்வை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.