பெட்ரோல் போற வழி: ஜி.டி. நாயுடு

அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்டுவின்ஸில் இறங்கும் 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு 2025-ல் ஜி.டி. நாயுடு பேர் வச்சாங்க. அந்தப் பாலத்துக்குக் கீழே, பீளமேட்டில், ஹோப் காலேஜ்னு ஒரு ஸ்டாப். சிங்காநல்லூர்ல இருந்து காமராஜர் ரோடு வழியா வந்தா நேரா அங்கதான் போய்ச் சேருவோம். ஆனா அந்தப் பேர்ல இன்னைக்கு அங்க காலேஜ் கிடையாது. மேலே இருக்கிற பேருக்கும் கீழே இருக்கிற பேருக்கும் ஒரே மனுஷன்தான் காரணம்.

அவர் கண்டுபிடிச்ச பொருட்களோட லிஸ்ட் எல்லார் போன்லயும் ஒரு தடவையாவது வந்திருக்கும். இங்கே நான் சொல்ல வர்றது அது இல்லை. ஓடாத வண்டியைப் பார்த்து ஒருத்தர் எப்படி யோசிக்கப் பழகினார், அந்தப் பழக்கம் அவரை எங்கெல்லாம் கொண்டு போச்சு, எங்கே வந்து நின்னுச்சு என்பதுதான்.

மூணாங்கிளாஸும் ஒரு மோட்டார் சைக்கிளும்

கோபாலசாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. ஊர் கலங்கல். சிங்காநல்லூர்ல இருந்து திருச்சி ரோட்டுல ஒண்டிப்புதூர் தாண்டிப் போனா சூலூர். அதை ஒட்டின கிராமம். அப்பா விவசாயி. அம்மா சின்ன வயசிலேயே இறந்துட்டாங்க. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை. மூணாங்கிளாஸோட படிப்பு முடிஞ்சது.

வாலிப வயசில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிக்கிட்டு வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் குதிரையும் இல்லாம ஒரு வண்டி எப்படிப் போகுதுங்கிறது மனசைப் பிடிச்சுக்கிச்சு. ஊரை விட்டுக் கோயம்புத்தூர் வந்து ஒரு ஹோட்டலில் சர்வரா வேலை பார்த்து, காசு சேர்த்து, அதே வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கினவர் அதைக் கழட்டிப் பிரிச்சார், மறுபடி பூட்டினார். அதுதான் அவருக்குக் காலேஜ்.

அப்படிப் பிரிச்சுப் பார்க்கிறதில் என்ன கிடைக்கும்? அந்தக் காலத்து பெட்ரோல் வண்டியில் கார்புரேட்டரை மட்டும் எடுத்துக்குவோம். டேங்கிலிருந்து வர்ற பெட்ரோல் முதலில் ஒரு சின்ன அறைக்குள் வரும். அதில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏறினா மிதவையும் ஏறி, ஒரு ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கும், இறங்கினா திறக்கும். நம்ம வீட்டுத் தண்ணி டேங்கில் பந்து வால்வு பண்ற அதே வேலை. பக்கத்தில் நடுவில் குறுகலான ஒரு காற்றுக்குழாய். இஞ்சின் காற்றை இழுக்கும்போது அந்தக் குறுகலில் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அப்போ ஜெட் என்கிற நுண்ணிய ஓட்டை வழியா பெட்ரோல் தூவலா வெளியே வந்து காற்றோட கலக்கும். பெர்னோலி பேரை நாம முதல் வருஷமே எழுதிட்டோம். கையில் பிரிச்சவருக்குப் பேர் தெரியாட்டியும், ஒரு தூசி ஜெட்டை அடைச்சா வண்டி என்ன ஆகும்னு தெரிஞ்சிரும்.

பொள்ளாச்சி முதல் பழனி வரை

நடுவில் திருப்பூரில் பஞ்சு அரைக்கிற ஜின்னிங் தொழில் பண்ணி நல்லா சம்பாதிச்சார். பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் அதையெல்லாம் விட்டார். திரும்பி வந்தவருக்கு ஸ்டேன்ஸ் கம்பெனியின் ராபர்ட் ஸ்டேன்ஸ் கை கொடுத்தார். 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சியிலிருந்து பழனிக்கு விட்டார். டிரைவரும் அவரே.

அன்னைக்கு பஸ் ஓட்டுறதுன்னா ஸ்டியரிங் பிடிக்கிறது மட்டும் இல்லை. நடுவழியில் நின்னா வொர்க்‌ஷாப்புக்கு போன் பண்ண முடியாது. பின்னாடி உட்கார்ந்திருக்கிற ஜனம் பழனிக்குப் போயாகணும். அதனால் கண்டதையும் கழட்டிப் பார்க்க நேரம் இல்லை. பெட்ரோல் எந்த வழியா வருதோ அந்த வழியிலேயே நடந்து போய்ப் பார்க்கணும்.

பழைய கார்புரேட்டர் லாரியோட மல்லுக்கட்டுற மெக்கானிக் அண்ணன்கள் இன்னைக்கும் இந்த வரிசையில்தான் போவாங்க. முதலில் டேங்கில் பெட்ரோல் இருக்கா. இருந்தா, மூடியைத் திறந்து வச்சு ஓட்டிப் பார். ஓடினா கோளாறு மூடியில்: அதில் இருக்கிற காற்று ஓட்டை அடைச்சுக்கிட்டா டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. அது இல்லைன்னா, கார்புரேட்டர் பக்கம் பைப்பைக் கழட்டிப் பார். பெட்ரோல் தாராளமா வந்தா இந்தப் பக்கம் சரி, இனி மிதவை, ஊசி, ஜெட். வரலைன்னா பின்னாடி போ: வடிகட்டியில் துரு, பைப்பில் விரிசல், பம்ப் இருந்தா அதோட தோல். வெயிலில் நின்னுபோன வண்டின்னா பைப்புக்குள் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைச்சிருக்கலாம். ஈரத்துணி சுத்தி வச்சாப் போதும். சோக்கை இழுத்ததும் இஞ்சின் தெம்பா ஓடினா பெட்ரோல் குறைவா வருதுன்னு அர்த்தம். ஸ்பார்க் பிளக் கரிப்பிடிச்சிருந்தா பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தா குறைவு.

இதில் எந்த இடத்திலும் பெரிய கணக்கு இல்லை. ஒவ்வொரு சோதனையும் பாதையை ரெண்டாப் பிரிக்குது: கோளாறு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா. கோட் எழுதுற நண்பர்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.

அந்த ஒரு பஸ் வளர்ந்து யு.எம்.எஸ். என்கிற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆச்சு. தென்னிந்தியாவின் பெரிய பஸ் கம்பெனிகளில் ஒண்ணு. 1930-களில் நாயுடு ஜெர்மனிக்குப் போனார். அங்கே ரசாந்த் என்கிற எலக்ட்ரிக் ஷேவரை உருவாக்கினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் எலக்ட்ரிக் மோட்டாரைப் பீளமேட்டில் கொண்டு வந்தார். இன்னைக்குக் கோயம்புத்தூரில் திரும்பின பக்கமெல்லாம் பம்பும் மோட்டாரும் செய்றாங்கன்னா, அந்த ஆரம்பத்துக்கு அதில் பங்கு உண்டு.

நாலு வருஷம் எதுக்கு?

1945-ல் அவர் உதவியால் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இஞ்சினியரிங் கல்லூரியும் தொடங்கின. அப்போதைய மெட்ராஸ் கவர்னர் ஆர்தர் ஹோப் பேரை வச்சாங்க. நாயுடுதான் கௌரவ முதல்வர். மூணாங்கிளாஸ் படிச்சவர், இஞ்சினியரிங் காலேஜுக்கு முதல்வர்!

அங்கேதான் சிக்கல் வந்தது. இஞ்சினியரிங்குக்கு நாலு வருஷம் தேவையில்லை, வேலையோட சேர்த்துச் சொல்லிக் கொடுத்தா ரெண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கலை. அவர் விலகிட்டார். கல்லூரி அரசாங்கத்துக்குப் போய், தடாகம் ரோட்டுக்கு மாறி, இன்னைக்கு நாம ஜி.சி.டி.னு சொல்ற காலேஜ் ஆச்சு. ஸ்டாப்புக்கு மட்டும் பழைய பேர் நின்னுபோச்சு.

இந்த இடம்தான் எனக்கு உறுத்துது. இன்னும் சில மாசத்தில் நாலாவது வருஷம் முடியுது. அவர் சொன்னது சரின்னா, நம்மோட ரெண்டு வருஷம் எங்கே போச்சு?

யோசிச்சுப் பார்த்தா அவர் பாதி சரி. லேபில் பாதியா அறுத்து, சிவப்பும் பச்சையும் பெயின்ட் அடிச்சு வச்ச கார்புரேட்டர் மாடலை நாம ரெகார்டு நோட்டில் வரைஞ்சிருக்கோம். அதில் பெட்ரோல் எப்பவும் அடைபடாது. அடைபடாத ஒண்ணைப் பார்த்துக் கோளாறு கண்டுபிடிக்கப் பழக முடியாது. மீதிப் பாதியில் எனக்கு அவரோட உடன்பாடு இல்லை. ஒருத்தர் பிரிச்சே கத்துக்கிட்டார்னா அதுக்குப் பின்னாடி அசாத்திய ஆர்வமும், சொந்தமா ஒரு வண்டியும், கடன் கொடுக்க ஒரு ஸ்டேன்ஸும் இருந்தாங்க. எல்லாருக்கும் அது அமையாது. அமையாதவங்களுக்குத்தான் காலேஜ்.

கழட்ட முடியாத அடைப்பு

1941-ல் அஞ்சு வால்வு ரேடியோவை வெறும் 70 ரூபாய்க்குத் தர முடியும்னு அறிவிச்சார். 1952-ல் ரெண்டு பேர் போற பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் தரலை. கார் அதோட நின்னுபோச்சு. இஞ்சினில் எங்கே அடைச்சிருந்தாலும் கண்டுபிடிக்கிறவருக்கு, ஒரு ஆபீஸ் மேஜையில் அடைபட்ட காகிதத்தைக் கழட்ட ஸ்பேனர் கிடைக்கலை. பின்னாளில் விவசாய ஆராய்ச்சியிலும் தொழிற்பயிற்சியிலும் தன் பணத்தையும் நேரத்தையும் போட்டார். 1974 ஜனவரி 4-ல் இறந்தார்.

இன்னைக்கு வண்டியில் கார்புரேட்டர் இல்லை, ஸ்கேனர் இருக்கு. பி0171னு கோட் காட்டினா, கலவையில் பெட்ரோல் குறைவுன்னு மட்டும்தான் அது சொல்லும். பம்ப் வீக்கா, ஃபில்டர் அடைப்பா, இல்ல எங்கேயோ காற்று ஒழுகுதான்னு சொல்லாது. அதை இன்னைக்கும் ஒரு ஆள்தான் டேங்கிலிருந்து இஞ்சின் வரைக்கும் நடந்து போய்க் கண்டுபிடிக்கணும். அவிநாசி ரோட்டில் பிரசிடென்ட் ஹாலில் அவரோட மியூசியம் இருக்கு. ப்ளேஸ்மென்ட் டென்ஷன் இல்லாத ஒரு நாளில் போய்ப் பாருங்க. பார்த்துட்டு, வீட்டில் ஓடாம கிடக்கிற ஏதாவது ஒண்ணைப் பிரிச்சுப் பாருங்க.