லிலியந்தாலுக்குப் பத்தாமல் போன உயரம்

தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கிறவங்களுக்குத் தலைக்கு மேல பறக்கிற பயிற்சி விமானம் ஒரு புதுசே இல்ல. பறக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களுக்கே இங்கே பயிற்சி நடக்குது. பயிற்சி விமானிகள் ஸ்டால் பழகும்போது முதல்ல பார்க்கிறது ஆல்டிட்யூடைத்தான். உயரம் கையில் இருந்தா தப்பைத் திருத்திக்கலாம். இது யாருக்கும் தெரியாத காலத்தில் பறந்தவர் ஓட்டோ லிலியந்தால்.

1848 மே 23-ல், இன்றைய ஜெர்மனியின் வடக்கே அன்க்லாம் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அவரும் தம்பி குஸ்தாவும் சின்ன வயசுலேயே நாரைகளைப் பார்த்துப் பார்த்து இறக்கை செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. பிறகு பெர்லினில் படிச்சது நம்ம மெக்கானிக்கல். வெடிக்காத பாய்லரும் சின்ன நீராவி இன்ஜினும் செய்யும் தொழிற்சாலை நடத்தினார். லாபத்தில் 25 சதவீதத்தைத் தொழிலாளர்களுக்குப் பங்கு கொடுத்தார். இந்த ஒரு விஷயத்துக்கே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனா அவர் மனசு முழுக்க இறக்கையில்தான். சுழலும் ஒரு நீளக் கையின் நுனியில் பல வடிவத் தகடுகளை மாட்டி, எந்த வளைவுக்கு எவ்வளவு லிஃப்ட் கிடைக்குதுன்னு அளந்தார். தட்டையான இறக்கையை விட லேசா வளைந்த இறக்கை நல்லா தூக்கும் என்பதை எண்களோடு காட்டி 1889-ல் புத்தகமா வெளியிட்டார். ஏரோஃபாயில் வளைவைப் பற்றி நாம படிக்கிற பாடத்துக்கு வேர் அங்கே இருக்கு.

1891-ல் பறக்கத் தொடங்கினார். மூங்கிலும் பிரம்பும் மாதிரி லேசான வில்லோ கம்புகள், மேலே பருத்தித் துணி. 1894-ல் பெர்லின் பக்கத்தில் 15 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் குவிச்சு ஒரு குன்றே கட்டினார். காற்று எந்தத் திசையில் அடிச்சாலும் எதிர்த்து ஓடிக் குதிக்கலாம்ல! மொத்தம் 2000 முறைக்கு மேல் பறந்ததா சொல்றாங்க. அதிகபட்ச தூரம் சுமார் 250 மீட்டர். ரன்வேன்னு எதுவும் இல்லாததால ஒவ்வொரு தடவையும் அவர் இறங்கினது புல்வெளியில்தான். இன்றைய கிளைடர் விமானி உயரத்தைத் தப்பா கணிச்சா வயல்ல இறங்குவார். லிலியந்தாலுக்கு அது தினப்படி வேலை.

சிக்கல் கண்ட்ரோலில் இருந்தது. முழங்கைகளால் சட்டத்தைப் பிடிச்சுத் தொங்கியபடி, காலை முன்னும் பின்னும் ஆட்டி எடையை மாற்றணும். அவ்வளவுதான் அவரிடம் இருந்த கண்ட்ரோல். மூக்கு கீழே சாய்ந்துட்டா இந்த வித்தை சரியா வேலை செய்யாது.

1896 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. ஸ்டோல்ன் கிராமத்துப் பக்கம் கோலன்பெர்க் குன்று. நல்ல வெயில். ஏற்கனவே சில தடவை பறந்து இறங்கியாச்சு. அடுத்த தடவை வெயிலில் சூடாகி மேலெழுந்த காற்று கிளைடரைத் தூக்கி, கிட்டத்தட்ட அந்தரத்தில் நிறுத்திடுச்சு. வேகம் போனா லிஃப்டும் போச்சு. காலை முன்னால வீசிப் பார்த்தார். கிளைடர் மூக்கு கவிழ்ந்து விழுந்தது. அப்போ உயரம் சுமார் 15 மீட்டர், அதாவது அஞ்சு மாடி.

காற்றுத் தடையை விட்டுட்டு நம்ம பள்ளிக்கூட ஃபார்முலாவைப் போட்டா, தரையைத் தொட 1.75 விநாடி, தொடும்போது மணிக்கு 62 கிலோமீட்டர். மூக்கைக் கீழே விட்டு வேகம் பிடிச்சு மறுபடி நிமிர்வதுதான் ஸ்டாலுக்கு மருந்து. அதுக்கு இந்த உயரம் எப்படிப் பத்தும்? இரண்டாயிரம் தடவை கூட வந்த அனுபவமும் அந்த இரண்டு விநாடிக்குள் உதவல. கழுத்தெலும்பு முறிந்தது. மெக்கானிக் பால் பைலிஷ் ஓடிவந்து தூக்கினார். ரயிலில் பெர்லினுக்குக் கொண்டுபோனாங்க, மறுநாள் இறந்துட்டார். வயசு 48.

அந்தச் செய்தி அமெரிக்காவில் சைக்கிள் கடை வைத்திருந்த ரைட் சகோதரர்களை உலுக்கியது. லிலியந்தாலின் அட்டவணையை வைத்துத்தான் அவங்க தொடங்கினாங்க. 1901-ல் லிஃப்ட் கணக்கு ஒத்துவரலைன்னதும் அவர்மேல் சந்தேகப்பட்டாங்க. சொந்தமா விண்ட் டனல் கட்டிச் சோதிச்சப்போ, முக்கியமான பிழை அதற்கும் முன்பே வழக்கத்தில் இருந்த ஸ்மீட்டன் மாறிலியில் என்று தெரிந்தது. உடம்பை ஆட்டுவதை விட்டுட்டு எலிவேட்டரை இறக்கைக்கு முன்னால வைச்சாங்க. லிலியந்தால் மாதிரி மூக்குக் குப்புற விழக்கூடாது என்பதும் அதுக்கு ஒரு காரணம். அதே 1901-ல் கிட்டி ஹாக் மணலுக்கு மேல் வில்பர் ரைட்டின் கிளைடர் ஸ்டால் ஆனபோது, அது தட்டையா மெதுவா இறங்கியது. அவர் காயமில்லாமல் எழுந்து வந்தார்.