கரும்பாறை ஏடுகளைப் படித்த ஆசிரியர்

இங்கிலாந்தின் ஃபாரிங்டன் என்னும் ஊரில் 1842ஆம் ஆண்டு பிறந்தவர் சார்லஸ் லாப்வொர்த். 1864இல் தெற்கு ஸ்காட்லாந்தின் காலஷீல்ஸ் என்னும் நெசவு நகரில் பள்ளி ஆசிரியரானார். நிலவியலைத் தாமே முயன்று கற்ற அவர், ஓய்வு நாள்களில் சுத்தியலும் வரைபடமும் ஏந்தி அப்பகுதியின் ஓடைகள்தோறும் நடந்தார்.

மாஃபட் என்னும் ஊரை அடுத்த குன்றுகளில், சாம்பல்நிற வன்மணற்பாறைகளுக்கு இடையே ‘ஷேல்’ எனப்படும் கரிய களிப்பாறை பட்டைபட்டையாக வெளிப்பட்டிருந்தது. ஓடை அரித்த கரையில் மணற்பாறை புடைத்து நிற்க, களிப்பாறை தேய்ந்து உள்வாங்கியிருக்கும். அதன் துகள்கள் கண்ணுக்குப் புலப்படா. கத்தியால் கீறினால் கோடு விழும். தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். அவ்வேடுகளின்மேல், பென்சிலால் வரைந்த சிறு அரம்பங்களைப் போல, கிராப்டோலைட் என்னும் தொல்கடல் உயிரிகளின் பதிவுகள் காணப்படும்.

களிப்பாறை என்று அறிவது எளிது. அது எந்தக் களிப்பாறை என்று அறிவதே அரிது. முந்தைய அறிஞர்கள் அப்பட்டைகளைத் தனித்தனி அடுக்குகளாகக் கருதி, அங்குள்ள பாறைத்தொகுதி மிகுந்த தடிமன் உடையது என்று கணித்திருந்தனர். லாப்வொர்த்தோ டாப்ஸ் லின் என்னும் மலையிடுக்கில், எந்தப் பதிவு எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்துக்கொண்டே சேகரித்தார். கீழே கிளென்கில்ன், நடுவே ஹார்ட்ஃபெல், மேலே பர்க்ஹில் என மூன்று பிரிவுகள் புலனாயின. ஒவ்வொன்றிலும் கிராப்டோலைட் இனங்கள் வேறுபட்டிருந்தன. அதே வரிசை பிற ஓடைகளிலும் தோன்றியது. சிலவிடங்களில் தலைகீழாகவும் அமைந்திருந்தது. எனவே, மெல்லிய ஒரே தொகுதிதான் மடிந்தும் முறிந்தும் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டுள்ளது என்று அவர் தெளிந்தார். 1878இல் வெளியான அவ்வாய்வு, அறிஞர்களின் பழைய கணிப்பைத் தகர்த்தது.

அடுக்குகளை உயிரினப் பதிவுகளால் பிரித்தறிந்த அனுபவம் மற்றொரு சிக்கலுக்கும் வழிகாட்டியது. வேல்சுப் பகுதியின் சில பாறைகளைச் செட்ஜ்விக் கேம்பிரியன் என்றும், மர்ச்சிசன் சைலூரியன் என்றும் வகைப்படுத்தி நெடுங்காலம் முரண்பட்டிருந்தனர். அவை இரண்டுக்கும் இடைப்பட்ட தனிக்காலத்தைச் சேர்ந்தவை என்று கொண்டு, 1879இல் ஆர்டோவிசியன் என்னும் பெயரை லாப்வொர்த் முன்மொழிந்தார். 1881இல் பர்மிங்காமின் மேசன் கல்லூரியில் பேராசிரியரானார்.

1920இல் அவர் மறைந்தார். ஆர்டோவிசியன் என்னும் பெயரைப் பன்னாட்டு நிலவியல் பேரவை ஏற்றது 1960இல்தான். பள்ளி ஆசிரியர் ஒருவர் ஏடு ஏடாகப் பிரித்துப் படித்த அந்த டாப்ஸ் லின், இன்று சைலூரியன் காலத்தின் தொடக்கத்தை உலகுக்கு வரையறுக்கும் இடமாக விளங்குகிறது.