அப்பாவுக்கு ஒரு பட்டம், தனக்கு ஒரு பட்டம்

ஜான் வான் நியூமன் என்றதும் நம்ம எஞ்சினியர்களுக்குக் கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வரும். ஆனால், முடிவெடுப்பதையே ஒரு கணக்காக மாற்றிக் காட்டியவரும் அவர்தான். பைனல் இயர் தம்பி, தங்கைகளுக்கு இந்தக் கதை உதவும் என்று எழுதுகிறேன்.

1903 டிசம்பர் 28-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். அப்பா வங்கிக்காரர். பையனுக்கோ கணிதப் பைத்தியம். கணக்குப் படிச்சா சோறு போடுமா என்று அப்பாவுக்குக் கவலை. நம் வீடுகளில் இல்லாத கவலையா? கடைசியில் ஒரு சமரசம். 1921-ல் புடாபெஸ்டில் கணிதத்துக்குப் பெயரைப் பதிந்துவிட்டு, பெர்லினிலும் பிறகு சூரிக்கிலும் வேதியியல் படித்தார். புடாபெஸ்டுக்குப் பரீட்சைக்கு மட்டும் போவார். 1926-ல் கெமிக்கல் எஞ்சினியரிங் டிப்ளமாவும் கணித டாக்டர் பட்டமும் ஒரே வருஷத்தில் கைக்கு வந்தன!

1928-ல் மினிமேக்ஸ் தேற்றத்தை வெளியிட்டார். எதிராளி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் நமக்கு நேரக்கூடிய அதிகபட்ச நஷ்டத்தை எப்படிக் குறைப்பது என்பதே அதன் சாரம். 1930-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனார். 1944-ல் பொருளாதார அறிஞர் ஆஸ்கர் மார்கென்ஸ்டர்னுடன் அவர் எழுதிய நூல், கேம் தியரிக்கு அஸ்திவாரமாயிற்று.

அடுத்தது அவர் வாழ்க்கையின் கனமான பக்கம். அணுகுண்டை எந்த உயரத்தில் வெடித்தால் சேதம் அதிகம் என்று கணக்கிட்டவர்களில் அவரும் ஒருவர். 1945 மே மாதம் இலக்கு நகரங்களைப் பரிந்துரைத்த குழுவிலும் இருந்தார். நகரத்தின் அளவு, ராணுவ முக்கியத்துவம், குண்டின் பாதிப்பு என்று அளவுகோல்கள் வைத்து அலசியதில், ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோ பட்டியலின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. அதை நீக்க வைத்தவர் போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன். அந்த நகரின் பண்பாட்டுப் பெருமை அவருக்கு ஓர் அளவுகோலாகப் பட்டது. கியோட்டோ பிழைத்தது, ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன.

வான் நியூமன் 1957 பிப்ரவரி 8-ல் புற்றுநோயால் இறந்தார். வயது 53தான்.

அவருக்குப் பின் 1965-ல் லோட்ஃபி ஜாடே ஃபஸி கணங்களைக் கொண்டுவந்தார். நல்ல சம்பளம், கிட்டத்தட்ட பிடித்த வேலை என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கெல்லாம் 0 முதல் 1 வரை மதிப்புக் கொடுக்கலாம். 1970-ல் அவரும் ரிச்சர்ட் பெல்மனும் இதை வைத்து முடிவெடுக்க ஒரு வழி சொன்னார்கள். ஒவ்வொரு வாய்ப்புக்கும் அதன் மிகக் குறைந்த மதிப்பெண்ணைப் பார். அவற்றுள் பெரியதைத் தேர்ந்தெடு. மினிமேக்ஸின் ஜாடை தெரிகிறதல்லவா?

போட்டுப் பாருங்கள். முதல் வேலைக்குச் சம்பளம் 0.9, ஈடுபாடு 0.3, வீட்டுக்கு அருகில் 0.6. இரண்டாவதுக்கு 0.6, 0.7, 0.5. சராசரி பார்த்தால் இரண்டும் 0.6தான். குறைந்ததைப் பார்த்தால் 0.3-ஐ விட 0.5 மேல், இரண்டாவதே ஜெயிக்கிறது.

ஆனால் ஒன்று. எந்தெந்தக் கட்டம் போடணும் என்று எந்த முறையும் சொல்லித்தராது. கியோட்டோ விஷயத்தில் விட்டுப்போனது ஒரு கட்டம்தான். அப்பாவின் கவலையையும் தன் ஆசையையும் சேர்த்தே கட்டம் போட்ட பையன், பின்னாளில் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தார் என்பது என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. வேலைக் கடிதங்களை எடைபோட உட்காரும்போது, முதலில் கட்டங்களை எண்ணிப் பாருங்கள். கணக்கு அப்புறம்.