மருந்தும் தீர்ந்தது, தலையும் போனது! வந்தவாசியில் தோற்ற தளபதி லாலியின் கதை

பாரீஸ் நகரம். 1766-ம் ஆண்டு மே மாதம் 9-ந்தேதி. குப்பை அள்ளும் வண்டி ஒன்றில் 64 வயது கிழவர் ஒருவரை ஏற்றி வந்தார்கள். பேச முடியாதபடி வாயை அடைத்திருந்தார்கள். கூட்டம் வேடிக்கை பார்த்தது. கொலையாளி வாளை ஓங்கினான். முதல் வெட்டு சரியாக விழவில்லை. மறுபடியும் வெட்டினார்கள். தலை உருண்டது.

அந்தக் கிழவர் வேறு யாருமல்ல. புதுச்சேரியில் இருந்து செஞ்சி வரை, திண்டிவனத்தில் இருந்து தஞ்சாவூர் வரை ஒரு காலத்தில் நம்ம ஊர் மக்களை நடுங்க வைத்த பிரெஞ்சு தளபதி லாலிதான். அவர் செய்த குற்றம் என்ன? அதன் விவரம் வருமாறு:-

வரவேற்பில் விழுந்த குண்டு

லாலி 1702-ம் ஆண்டு பிரான்சில் பிறந்தவர். அப்பா அயர்லாந்துக்காரர். ஆங்கிலேயர் என்றாலே ஆகாது. 1745-ம் ஆண்டு பான்டெனாய் சண்டையில் ஆங்கிலேயரை அடித்து, மன்னர் 15-ம் லூயியிடம் அந்தக் களத்திலேயே பதவி உயர்வு வாங்கினார்.

1758-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந்தேதி புதுச்சேரிக்கு கப்பலில் வந்தார். மரியாதைக்கு பீரங்கி சுட்டார்கள். அதற்கு வெறும் மருந்து போட்டால் போதும். ஆனால் சில பீரங்கிகளில் குண்டும் கிடந்ததாம். அது போய் லாலி வந்த கப்பலையே துளைத்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கே பலர் இது கெட்ட சகுனம் என்று முணுமுணுத்தார்கள்.

தோட்டா கையால் சுற்றியது

இன்றைய துப்பாக்கியில் விசையை அழுத்த அழுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். அன்றைக்கு அப்படி இல்லை. காகிதத்தைக் குழலாகச் சுற்றி, அதில் ஈயக் குண்டையும் அளவு பார்த்து மருந்தையும் போட்டு, நுனியை முறுக்கி கட்டுவார்கள். எல்லாம் கை வேலை.

சிப்பாய் அதைப் பல்லால் கடித்துப் பிரிப்பான். கொஞ்சம் மருந்தை பக்கத்துக் கிண்ணியில் கொட்டுவான். மீதியை குழாய் வாயில் ஊற்றி, குண்டைப் போட்டு, கம்பியால் இடிப்பான். நன்றாகப் பழகியவன் நிமிஷத்துக்கு 2 அல்லது 3 தடவை சுடலாம். மருந்து ஈரமானால் அதுவும் இல்லை. ஆகவே எவனிடம் மருந்து இருக்கிறதோ அவன் பக்கம்தான் வெற்றி.

லாலிக்கு வீரம் இருந்தது. மருந்தும் இல்லை, பணமும் இல்லை.

தஞ்சையில் ஓட்டம்

வந்த வேகத்தில் கடலூரைப் பிடித்தார். ஜூன் 2-ந்தேதி தேவனாம்பட்டினம் கோட்டையும் விழுந்தது. அடுத்து பணம் தேடி தஞ்சாவூருக்கு கிளம்பினார். வண்டி இழுக்க, மூட்டை தூக்க, சாதி பார்க்காமல் ஜனங்களைப் பிடித்துப் போட்டார். கீவளூரில் கோவிலைக் கொள்ளை அடித்தார். வேவு பார்த்ததாக பூசாரிகளை பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார். அதற்குப்பிறகு அரிசி கொடுக்கவும் மாடு கொடுக்கவும் ஆள் வருமா?

தஞ்சைக் கோட்டை சுவரில் ஓட்டை விழுந்த நேரத்தில் மருந்து தீரும் நிலைமை. ஆகஸ்டு மாதம் பின்வாங்கினார். டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். 2 மாதம் நடந்தது. பிப்ரவரியில் ஆங்கிலேயர் கப்பல்கள் வந்தன. பீரங்கிகளைப் போட்டுவிட்டு திரும்பினார். மாதக்கணக்கில் சம்பளம் காணாத சிப்பாய்கள் 1759-ம் ஆண்டு அக்டோபரில் கலகமே செய்துவிட்டார்கள்.

வெடித்தது மருந்து வண்டி

1760-ம் ஆண்டு ஜனவரி 22-ந்தேதி. திண்டிவனத்துக்கு வடமேற்கே இருக்கும் வந்தவாசி. எதிரே ஆங்கிலத் தளபதி அயர் கூட். சண்டை மும்முரமாக நடக்கும்போது ஆங்கிலேயரின் குண்டு ஒன்று பிரெஞ்சுக்காரரின் மருந்து வண்டியில் விழுந்தது. வண்டி வெடித்து, பக்கத்தில் நின்ற 80 பேர் வரை செத்தும் காயம் பட்டும் விழுந்தார்கள். மற்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். துணைத் தளபதி புஸ்ஸி சிறைபட்டார். இந்தியாவில் பிரெஞ்சு ஆட்சிக் கனவு அந்தப் புகையோடு போயிற்று.

அதன் பிறகு ஊர் ஊராக விழுந்தது. திண்டிவனம்-மரக்காணம் ரோட்டில் இருக்கிற பெருமுக்கல் மலைக்கோட்டை, ஆலம்பறைக் கோட்டை, எல்லாம் ஆங்கிலேயர் வசம். பெருமுக்கலில் கூட்டுக்கும் முழங்காலில் காயம்.

பட்டினியில் புதுச்சேரி

கடைசியில் புதுச்சேரியை வளைத்தார்கள். சோறு மிச்சம் பிடிக்க லாலி 1,400 பேரை கோட்டைக்கு வெளியே துரத்தினார். ஆங்கிலேயர் விடவில்லை. திரும்பி வந்தால் பிரெஞ்சுக்காரர் சுட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட ஏழைகள் வேரும் புல்லும் தின்றார்கள். பல நாள் கழித்துதான் வழி விட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் யானை, ஒட்டகம், நாய் வரை தின்றார்கள்.

1761-ம் ஆண்டு ஜனவரி 16-ந்தேதி ஊர் சரண் அடைந்தது. லாலி வெளியேறும்போது அவருடைய அதிகாரிகளே கல்லையும் கத்தியையும் தூக்கினார்கள். கணக்கு வைத்திருந்த துபுவா என்பவரை கோட்டை வாசலிலேயே வெட்டிக் கொன்றார்கள். அவரிடம் இருந்த தஸ்தாவேஜுகள் மாயம்! யார் யார் பணம் தின்றார்கள் என்பது அதில் இருந்திருக்கும். செஞ்சிக் கோட்டையும் ஏப்ரல் 5-ந்தேதி விழுந்தது.

தானே வந்து மாட்டினார்

லண்டனில் கைதியாக இருந்த லாலிக்கு ஒரு செய்தி வந்தது. பிரான்சில் அவரை துரோகி என்கிறார்கள் என்று. மனுஷன் பேசாமல் லண்டனிலேயே இருந்திருக்கலாம். மானம் பெரிது என்று ஜாமீன் கேட்டு வாங்கி சொந்த ஊருக்கே போனார். பிடித்து பஸ்தீல் சிறையில் போட்டார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் குற்றச்சாட்டே சொல்லவில்லை. பிறகு விசாரணை, தீர்ப்பு, வெட்டு.

எழுத்தாளர் வால்டேர் அவருக்காக வாதாடினார். லாலியின் மகனும் விடாமல் போராடினார். 12 வருஷம் கழித்து, 1778-ல், அந்தத் தீர்ப்பு ரத்து ஆயிற்று. வெட்டின தலை திரும்பி வருமா?

லாலி நல்லவர் என்று யாரும் சொல்ல வேண்டாம். கீவளூர்க்காரர்களும், கோட்டைக்கு வெளியே தவித்த 1,400 பேரும் அதற்குச் சாட்சி. ஆனால் அவர் தலை போனது அந்தப் பாவத்துக்காக அல்ல. செய்யாத துரோகத்துக்காக. காசு தின்றவர்கள் தப்பினார்கள், கணக்கு காணாமல் போனது, ஒருவர் தலையில் எல்லாம் விடிந்தது.

செஞ்சிக் கோட்டையில் பழைய மருந்துக் கிடங்கு இன்றும் நிற்கிறது. விழுப்புரத்தில் இருந்தும் திண்டிவனத்தில் இருந்தும் பஸ் இருக்கிறது. போகிறவர்கள் ஒரு நிமிஷம் அதையும் பார்த்துவிட்டு வரலாம்.