கிளாரா ஷூமன் அம்மையார்

மேலைநாட்டு இசைக்கருவிகளுள் பியானோ தலைமை வாய்ந்தது. வெண்ணிறமும் கருநிறமுமான அதன் கட்டைகளை விரலால் அழுத்தினால், உள்ளிருக்கும் சிறு சுத்தியல்கள் எழுந்து கம்பிகளைத் தட்டும், இன்னிசை பிறக்கும். அக்கருவியை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அரங்குகளில் வாசித்துப் புகழெய்தியவர் கிளாரா அம்மையார். அவர் 1819ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் ஜெர்மானிய நகரமாகிய லைப்சிக்கில் பிறந்தார். தந்தையார் பிரெடரிக் வீக், பெயர்பெற்ற பியானோ ஆசிரியர்.

நான்கு வயது நிரம்பியும் கிளாராவுக்குப் பேச்சு வரவில்லை. ஐந்தாம் வயதில் அன்னையைப் பிரிந்து தந்தையிடம் வளரலானார். வீக் மகளுக்கு நாள்தோறும் இசை பயிற்றினார். மகளின் நாட்குறிப்பையுங்கூட, அவளே எழுதுவதுபோலத் தாமே எழுதி வந்தார். அன்போ ஆட்சியோ என்று பிரித்தறிய இயலாத வளர்ப்பு அது! ஒன்பதாம் வயதில் கிளாரா அரங்கேறினார். பதினாறாம் வயதில், தாமே இயற்றிய இசைக்கோவையை மெண்டல்சன் நடத்திய இசைக்குழுவுடன் வாசித்தார். 1838இல் ஆஸ்திரியப் பேரரசர் அவருக்குப் பட்டம் அளித்துச் சிறப்பித்தார்.

வீக்கிடம் மாணவராக இருந்த ராபர்ட் ஷூமன் விரல் ஊனமுற்றமையால் வாசிப்பதை விடுத்து, இசை இயற்றுவதில் ஈடுபட்டவர். அவரும் கிளாராவும் ஒருவரையொருவர் விரும்பினர். தந்தை சீறினார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. தீர்ப்பு காதலர்க்குச் சாதகமாயிற்று. 1840ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் திருமணம் நிகழ்ந்தது. மறுநாள் கிளாராவுக்கு இருபத்தொரு வயது நிறைந்தது.

இல்லறத்தில் இன்பமும் இருந்தது, இடருமிருந்தது. கணவர் இசை இயற்றும் வேளையில் மனைவி பியானோவைத் தொடலாகாது. ஓசை அவர் சிந்தனையைக் கலைக்கும். எண்மர் மக்களைப் பெற்ற அந்தத் தாய்க்குப் பயிற்சி செய்யக் கிடைத்த பொழுது சிறிதே. எனினும் குடும்பத்திற்கு வேண்டும் பொருளில் பெரும்பகுதியை ஈட்டித் தந்தவை அவருடைய விரல்களே.

1849ஆம் ஆண்டு மே மாதம், அவர்கள் வாழ்ந்த டிரெஸ்டன் நகரில் கிளர்ச்சி மூண்டது. தெருவில் போரிட ஆடவரை வீடுவீடாகத் திரட்டினர். கிளாரா கணவரையும் மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு தோட்டத்து வாயில் வழியே வெளியேறினார். இளைய குழந்தைகள் மூவர் வீட்டிலேயே இருந்தனர். இரு நாட்களுக்குப் பின், ஏழு திங்கள் கருவுற்றிருந்த அவர், விடியுமுன்னே புறப்பட்டு, வயல்வெளிகளைக் கடந்து, துப்பாக்கி முழங்கும் நகருள் நுழைந்தார். உறங்கிய குழந்தைகளை எழுப்பி அழைத்து மீண்டார்.

அதனினும் பெருந்துயர் 1854இல் வந்தது. மனநோய்க்கு ஆளாகிய ராபர்ட் ரைன் ஆற்றில் குதித்தார். காப்பாற்றப்பட்ட அவர், போன் நகருக்கு அருகிலிருந்த மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நோயாளியைக் காண மனைவிக்கு மருத்துவர் இசையவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் கடைசி மகன் பிறந்தான். அவனோடு வளர்க்கவேண்டிய மக்கள் எழுவர். நிதி திரட்ட இசைவிழா நடத்துவதாக நண்பர்கள் கூறினர், அம்மையார் மறுத்தார். இலையுதிர் காலத்திலேயே ஊர் ஊராகச் சென்று வாசிக்கத் தொடங்கினார். இளைஞராகிய பிராம்ஸ், பின்னாளில் உலகம் போற்றிய இசைமேதை, வீட்டின் கணக்கு வழக்குகளைக் கவனித்துக்கொண்டார். 1856 ஜூலையில், இறப்பதற்கு இரு நாட்களுக்கு முன்னரே கணவரைக் காணும் வாய்ப்புக் கிளாராவுக்குக் கிட்டியது.

அதன்பின் அவர் இசை இயற்றுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். நமக்கு அது இழப்பே. ஆனால் வாசிப்பதை நிறுத்தவில்லை. விரல் வித்தை காட்டி மக்களை வியக்கச் செய்வதே அக்காலக் கலைஞர் பலர்க்கு நோக்கமாயிருந்தது. அம்மையாரோ பாக், பீத்தோவன், ஷூமன் ஆகியோரின் ஆழ்ந்த இசையை, ஏட்டைப் பாராமலே வாசித்தார். இங்கிலாந்துக்குப் பலமுறை சென்று ராபர்ட்டின் இசையைப் பரப்பினார். அவர் படைப்புக்களையெல்லாம் தொகுத்துப் பதிப்பித்தார். 1878 முதல் பிராங்க்பர்ட் நகர இசைக்கல்லூரியில் ஆசிரியராயிருந்தார். பல நாட்டு மாணவர் அவரை நாடி வந்தனர். மக்களுள் சிலரை மரணம் கொண்டது, ஒருவர் மனநோயுற்றார். மறைந்த மகனின் பிள்ளைகளையும் பாட்டியாரே பேணினார்.

1896ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் நோய்ப் படுக்கையில் கிடந்தபோது, பேரன் ராபர்ட் இயற்றிய இசையொன்றைப் பியானோவில் வாசித்தான். அவர் செவியுற்ற இறுதி இசை அதுவே என்பர். மே 20ஆம் நாள் உயிர் நீத்த அம்மையார், போன் நகரில் கணவரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.