குமாஸ்தாவின் மேஜையில் பிறந்த கம்ப்யூட்டர்: ஆலன் டூரிங் வாழ்க்கை

நிக்கோபார் தீவுக் கூட்டத்தில் ஒரு தீவு, கட்சால். இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிழைக்க வந்து சேர்ந்த இடம்.

2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி இந்தத் தீவின் பெயர் எங்கும் அடிபட்டது. புத்தாயிரத்தின் முதல் சூரியனைப் பார்க்கலாம் என்று சுற்றுலாப் பயணிகள் கப்பல் ஏறிக் கட்சாலுக்குப் போனார்கள்.

அதே இரவில் உலகின் பெரிய நகரங்களில் கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள் தூங்காமல் விழித்திருந்தார்கள். பழைய கம்ப்யூட்டர்களில் இடம் கொஞ்சம். அதை மிச்சப்படுத்த, ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டுமே எழுதி வைத்திருந்தார்கள். 99 முடிந்து 00 வந்ததும் எந்திரம் அதை 1900 என்று எண்ணிக்கொண்டால் என்ன ஆவது? பாங்குக் கணக்கு, சம்பளப் பட்டியல், ரெயில் டிக்கெட் எல்லாம் குழம்பிவிடும் என்று பயந்தார்கள். பல மாதங்கள் உட்கார்ந்து முன்கூட்டியே திருத்தியதால் பெரிய விபரீதம் எதுவும் இன்றிப் பொழுது விடிந்தது.

அந்த விடியலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இந்த நூற்றாண்டு முடிவதற்குள் கம்ப்யூட்டர் மனிதனைப் போலவே பேசிப் பதில் சொல்லும் என்று 1950-ம் ஆண்டிலேயே ஒருவர் கெடு வைத்திருந்தார். அவர்தான் ஆலன் டூரிங். இன்று நம் செல்போனில் ஓடும் ஒவ்வொரு விளையாட்டுக்கும், ஆபீசில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் மூலவர் அவர். அவருக்கும் தமிழ்நாட்டுக்கும் தொடர்பு உண்டு.

போத்தனூரில் பிறந்த தாய்

டூரிங்கின் தாயார் எதெல் சாரா. 1881-ம் ஆண்டு கோவைக்கு அருகே உள்ள போத்தனூரில் பிறந்தவர். எதெலின் தகப்பனார் எட்வர்டு ஸ்டோனி, மெட்ராஸ் ரெயில்வேயில் தலைமை என்ஜினீயராக இருந்தவர். சத்தம் போடாமல் பங்கா இழுக்கும் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்து உரிமை பெற்றவர். ஆக, எந்திர மூளை தாத்தாவிடமே இருந்தது.

தந்தை ஜூலியஸ் டூரிங் ஒரு ஐ.சி.எஸ். அதிகாரி. பரீட்சைக்குத் தமிழும் படித்து, அன்றைய சென்னை மாகாணத்தில் வேலைக்கு வந்தார். 1907-ல் ஒரு கப்பல் பயணத்தில் எதெலைச் சந்தித்து மணந்தார். மூத்த மகன் ஜான், 1908-ல் குன்னூரில் பிறந்தான். இளையவன் ஆலன், 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தான்.

சென்னை மாகாணத்து வெயில் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பெற்றோர் நினைத்தனர். இரண்டு பையன்களையும் இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரியின் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினர். லீவு கிடைக்கும்போது தாய் வருவார். பிறகு கப்பல் ஏறிவிடுவார். பெற்றோர் ஒரு கரையில், பிள்ளை ஒரு கரையில். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களுக்கு இந்த வேதனை புதிது அல்ல. துரைமார் வீட்டுக்கும் அது விதிவிலக்காக இல்லை.

60 மைல் சைக்கிள்

1926-ல் பதின்மூன்று வயதுப் பையனாக ஷெர்போர்ன் பள்ளியில் சேரப் புறப்பட்டான் ஆலன். கப்பலை விட்டு இறங்கிய அன்று இங்கிலாந்து முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரெயில் இல்லை. பையன் சைக்கிளை எடுத்தான். வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, 60 மைல் மிதித்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தான்.

கையெழுத்து கிறுக்கல். சட்டையில் மை. வகுப்பில் ஆசிரியர்களிடம் திட்டு. ஆனால் கணக்கில் புலி. பள்ளியில் அவனுக்கு வாய்த்த ஒரே உயிர் நண்பன் கிறிஸ்டபர் மார்கம், 1930-ல் காசநோயால் இறந்துபோனான். மனித மனம் என்பது என்ன, உடலோடு அது எப்படி ஒட்டியிருக்கிறது என்ற கேள்வி அன்று முதல் டூரிங்கை விடவில்லை.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படித்து, 22 வயதில் அங்கேயே ஆராய்ச்சியாளர் ஆனார்.

ஒரு குமாஸ்தா, ஒரு பென்சில்

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு எந்திரம் என்ற பொருள் கிடையாது. காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போடும் ஆளுக்குத்தான் அந்தப் பெயர். நம் ஊர் மொழியில் சொன்னால் கணக்கப்பிள்ளை.

1936-ல் டூரிங் எழுதிய பெரிய கட்டுரை அந்தக் கணக்கப்பிள்ளையைத்தான் உற்றுப் பார்த்தது. அவர் என்ன செய்கிறார்? கட்டம் போட்ட தாளில் ஒரு குறியைப் பார்க்கிறார். மனதில் உள்ள விதிப்படி அதை அழிக்கிறார் அல்லது வேறு எழுதுகிறார். அடுத்த கட்டத்துக்கு நகர்கிறார். அவ்வளவுதான். வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால், எங்கே விட்டேன், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தால் போதும். அடுத்து வருபவர் தொடரலாம்.

அப்படியானால் இந்த வேலையை ஓர் எந்திரமும் செய்யலாமே என்றார் டூரிங். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் எந்திரம் வேண்டாம். விதிகளையும் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், ஒரே எந்திரம் எல்லா வேலையையும் செய்யும் என்று நிரூபித்தார். அந்த விதிப் பட்டியல்தான் இன்றைய சாப்ட்வேர். காலையில் சம்பளக் கணக்குப் போட்ட அதே கம்ப்யூட்டர் மாலையில் பந்து விளையாடுவது இதனால்தான்.

சர்ச்சிலுக்குப் போன மனு

1939 செப்டம்பரில் போர் மூண்டது. மறுநாளே பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகைக்கு டூரிங் வேலைக்குப் போனார். ஜெர்மனியர் எனிக்மா என்ற எந்திரத்தில் செய்திகளைச் சங்கேத மொழியாக மாற்றி அனுப்பினர். அதை உடைப்பதில் போலந்து நாட்டுக் கணித நிபுணர்கள் முதலில் வழி கண்டிருந்தனர். அதற்கு மேல் போய், எனிக்மாவை முறியடிக்கும் புதிய எந்திரத்தை டூரிங் வகுத்தார். ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களின் செய்தியை உடைக்கும் பிரிவுக்கும் அவரே தலைவர். இங்கிலாந்துக்கு உணவு ஏற்றி வந்த கப்பல்கள் பல தப்பியது அதனால்தான்.

எந்திரம் வந்தது, வேலைக்கு ஆள் இல்லை. குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும் போதவில்லை. மேலதிகாரிகளிடம் கேட்டுச் சலித்துப்போய், 1941 அக்டோபரில் டூரிங்கும் மூன்று சகாக்களும் நேராகப் பிரதமர் சர்ச்சிலுக்கே மனு எழுதினர். மனு கண்டதும் சர்ச்சில் உத்தரவு போட்டார். ஆட்கள் வந்து சேர்ந்தனர். அந்த மனுவில் கையெழுத்திட்ட நால்வரில் இருவர், இங்கிலாந்தின் முன்னணிச் செஸ் ஆட்டக்காரர்கள்!

காகிதத்தில் ஆடிய செஸ்

அந்தச் சகவாசத்தில் டூரிங்கும் செஸ் ஆடினார். சுமாராகத்தான் ஆடுவார். ஆனால் எந்திரத்துக்கு அதைச் சொல்லித் தரலாம் என்று கணக்குப் போட்டார். 1948-ல் ஒரு நண்பருடன் சேர்ந்து விதிப் பட்டியல் எழுதினார். சிப்பாய்க்கு 1 மதிப்பு, குதிரைக்கு 3, யானைக்கு 5, ராணிக்கு 10. எந்த நகர்த்தலில் லாபம் அதிகமோ அதை ஆடு என்பது அடிப்படை.

ஆனால் அந்தப் புரோகிராமை ஓட்டும் அளவுக்குக் கம்ப்யூட்டர் அன்று இல்லை. டூரிங் என்ன செய்தார் தெரியுமா? தானே எந்திரமாக மாறினார். 1952-ல் மான்செஸ்டரில் சக ஊழியர் அலிக் கிளென்னியை எதிரே உட்காரவைத்து, காகிதத்தைப் பார்த்துப் பென்சிலால் கணக்குப் போட்டுக் காய் நகர்த்தினார். ஒரு நகர்த்தலுக்கு ஏறக்குறைய அரைமணி நேரம். சொந்த புத்திக்கு நல்ல ஆட்டம் தெரிந்தாலும் விதியை மீறவில்லை. 29-வது நகர்த்தலில் காகித எந்திரம் தோற்றது.

மான்செஸ்டர் கம்ப்யூட்டருக்கு டூரிங் எழுதிய கையேட்டைப் படித்த பள்ளி ஆசிரியர் கிறிஸ்டபர் ஸ்ட்ரேச்சி, அதே எந்திரத்தில் டிராட்ஸ் ஆட்டத்தை ஓட்டிக் காட்டினார். காய்கள் திரையில் புள்ளிகளாகத் தெரிந்தன. வீடியோ விளையாட்டின் தொடக்க கால முயற்சிகளில் ஒன்று அது. டூரிங்கின் செஸ் புரோகிராமை 2012-ல் கம்ப்யூட்டரில் ஏற்றி, மாஜி உலகச் சாம்பியன் காஸ்பரோவ் அதனுடன் ஆடினார். 16 நகர்த்தலில் ஜெயித்தார். அதே காஸ்பரோவை 1997-லேயே வேறொரு கம்ப்யூட்டர் தோற்கடித்துவிட்டது.

வேலை பறிபோகுமா?

போருக்குப் பிறகு டூரிங் கம்ப்யூட்டர் வடிவமைப்பில் இறங்கினார். இன்று சாப்ட்வேர் தொழிலில் நடக்கும் சச்சரவுகளை அன்றே கண்டவர் அவர்.

1947-ல் லண்டனில் கணித அறிஞர்கள் சபையில் பேசும்போது ஒரு விஷயம் சொன்னார். கம்ப்யூட்டர் வந்தால் சாதாரண ஊழியரின் வேலை மட்டும் போகாது. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதும் நிபுணரின் வேலையும், பழகிய தடத்தில் விழுந்துவிட்டால், கம்ப்யூட்டருக்கே போய்விடும். அப்போது நிபுணர்கள் தங்கள் வேலையைக் காப்பாற்றப் புரியாத வார்த்தைகளைப் பேசி மர்மம் காட்டுவார்கள் என்று எச்சரித்தார். எந்திரத்தைக் கண்டு குமாஸ்தா மட்டுமே பயப்பட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

1949-ல் இன்னொரு யோசனை சொன்னார். நீண்ட கூட்டல் கணக்கைச் சரிபார்க்கும்போது, ஒவ்வொரு வரிசையின் கூட்டுத்தொகையையும் தனித்தனியே எழுதி வைத்தால், பலர் பங்கிட்டுச் சரிபார்க்கலாம். புரோகிராமிலும் இடையிடையே இந்த இடத்தில் இது உண்மை என்று குறித்து வைத்தால் பிழை சுலபமாக அகப்படும் என்றார். பேரேடு எழுதுபவர்களுக்குத் தெரிந்த சூட்சுமம்தான்.

அவரிடம் குறையும் இருந்தது. எந்திரத்தின் சங்கேத எழுத்துகளை அவர் சரளமாகப் படிப்பார். மற்றவர்களும் அப்படியே படிக்கட்டும் என்று விட்டுவிட்டார். அவருடைய கையேட்டில் பிழைகள் மலிந்திருந்ததால், புதிதாக வந்தவர்கள் திணறினார்கள்.

கோர்ட்டில் நின்ற விஞ்ஞானி

1952 ஜனவரியில் டூரிங் வீட்டில் திருட்டு நடந்தது. போலீசில் புகார் செய்தார். விசாரணையில் அவருக்கு ஓர் ஆணுடன் உறவு இருந்தது தெரியவந்தது. அவர் மறைக்கவில்லை. அன்றைய சட்டப்படி அது குற்றம். திருடனைத் தேடி வந்த போலீசார், புகார் கொடுத்தவர் மீதே வழக்குப் போட்டனர்.

மார்ச் 31-ந் தேதி கோர்ட்டு தீர்ப்பு. சிறைக்குப் பதிலாக, ஓர் ஆண்டு ஹார்மோன் மருந்து. மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் முடித்த உடம்பு அது, மருந்தால் உருமாறியது. அரசாங்க ரகசிய வேலைகளின் கதவும் மூடியது. போரில் அவர் செய்த சேவையைக் கோர்ட்டில் விரித்துச் சொல்லவும் வழியில்லை. அது ராணுவ ரகசியம்!

1954 ஜூன் 7-ந் தேதி டூரிங் இறந்தார். சயனைடு விஷம். தற்கொலை என்று விசாரணை முடிவு சொன்னது. ரசாயனச் சோதனையின்போது நேர்ந்த விபத்து என்றே போத்தனூரில் பிறந்த தாய் கடைசி வரை நம்பினார். வயது முதிர்ந்த காலத்தில் மகனின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதி 1959-ல் வெளியிட்டார். எனிக்மா ரகசியம் அப்போது வெளிவரவில்லை. 1974-ல்தான் வெளிவரத் தொடங்கியது. 1976-ல் தாயும் மறைந்தார்.

காலம் கடந்த மரியாதை

2009-ல் பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரசியார் பொதுமன்னிப்பு வழங்கினார். 2021-ல் 50 பவுன் நோட்டில் டூரிங் படம் வந்தது. வெள்ளையர் ஆட்சி நம் நாட்டில் விட்டுச்சென்ற அதே மாதிரியான சட்டம், வயது வந்தவர்களின் சம்மத உறவுக்குச் செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பளித்தது.

கம்ப்யூட்டர் துறையின் மிக உயர்ந்த பரிசுக்கு 1966 முதல் டூரிங் பெயர். அதை 1994-ல் பெற்ற ராஜ் ரெட்டி, சென்னை கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர்.

டூரிங் வைத்த கெடு தவறியது. 2000-ம் ஆண்டு கட்சாலில் சூரியன் உதித்தபோது மனிதனைப் போலப் பேசும் எந்திரம் எங்கும் இல்லை. சுமார் 20 ஆண்டுகள் பிந்தி வந்தது. இன்று அது கடிதம் எழுதுகிறது, கணக்குப் பார்க்கிறது, புரோகிராமும் எழுதுகிறது. நிபுணர்களும் வேலைக்குப் பயப்படுகிறார்கள். 1947-ல் டூரிங் சொன்னது அது.

சென்னையில் இருந்து கடலுக்கு அடியில் போட்ட கேபிள், 2020-ல் கட்சாலின் பக்கத்துத் தீவான கமோர்ட்டா வரை வந்துவிட்டது. நாள் வேலை முடிந்து செல்போனில் செஸ் ஆடுகிறவருக்கு, எதிரே ஆடுவது எந்திரம். அந்த எந்திரத்தின் இடத்தில் முதன்முதலில் உட்கார்ந்து, அரைமணிக்கு ஒரு காய் நகர்த்தித் தோற்றவர் ஆலன் டூரிங். அவர் வாழ்ந்தது 41 ஆண்டுகள்.